வெகெனர் அளந்த நிலம்

கிரீன்லாந்து ஐரோப்பாவை விட்டு விலகுகிறதா என்று அறிய, அன்று நிலவைப் பார்த்துத் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார்கள். 1870-இலும் 1907-இலும் அங்கே எடுத்த அளவுகளை ஒப்பிட்ட ஜெர்மானிய வானிலையாளர் ஆல்ஃபிரட் வெகெனருக்குக் கிடைத்த விடை, ஆண்டுக்கு ஏறத்தாழ 32 மீட்டர். அட்லாண்டிக் கடல் அகலும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் என்பதை இன்று அறிவோம். அவர் தேடிய நகர்வைவிட, அளவையில் நேர்ந்த பிழை ஆயிரம் மடங்கு பெரிது. ஆனாலும் கண்டங்கள் நகர்கின்றன என்று அவர் சொன்னது உண்மை.

1912 ஜனவரியில் பிராங்க்ஃபர்ட்டில் அவர் அதை முதலில் சொன்னபோது, கண்டங்களை இணைத்திருந்து பின்னர் மூழ்கிப்போன நிலப்பாலங்களை அறிஞர்கள் நம்பிய காலம் அது. நாம் நன்கறிந்த லெமூரியாவும் அப்படிப் பிறந்ததே. மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் இந்திய விலங்குகளுக்கும் உள்ள உறவை விளக்க, 1864-இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் கடலடியில் ஒரு கண்டத்தைக் கற்பனை செய்தார். கண்டங்களே நகர்ந்தன என்றானதும் அந்தக் கண்டம் தேவையற்றுப் போனது. அதை நேசித்த தமிழருக்கு இது இழப்புதான். ஆனால் இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஒரே நிலமாக ஒட்டியிருந்தன என்ற உண்மை, மூழ்கிய கண்டத்தைவிடச் சிறியதாக எனக்குத் தோன்றவில்லை.

கண்டங்களை எது தள்ளுகிறது என்ற கேள்விக்கு வெகெனர் காட்டிய விசைகள் போதவில்லை. 1930 நவம்பரில், கிரீன்லாந்துப் பனியிலேயே, 50 வயதில் இறந்தார். விடை கடலடியில் இருந்தது. பின்னர், ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்றாத காலத்தில், நிலவியலாளர் மேரி தார்ப் நியூயார்க்கில் மேசை முன் அமர்ந்து, கப்பல்கள் கொண்டுவந்த எதிரொலி அளவுகளைக் கோடுகளாக வரைந்தார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு தெரிந்தது. கடலடி அங்கே பிளந்து விலகுவதற்கான அடையாளம் அது; உடன் பணியாற்றியவரே முதலில் நம்பவில்லை. 1963-இல் ஆய்வாளர்கள் வைனும் மாத்யூஸும் கடலடிப் பாறைகளின் காந்தப் பட்டைகளைப் படித்து, அங்கே புதுத்தரை பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று முன்மொழிந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பூமியின் மேற்புறம் நகரும் தட்டுகளால் ஆனது என்ற கொள்கை நிலைபெற்றது.

இன்று பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள ஜிபிஎஸ் நிலையம் போன்றவை, செயற்கைக்கோள்களின் துணையுடன் மில்லிமீட்டர் வரை அளக்கின்றன. இந்தியா வடகிழக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் போகிறது. குளிர்ந்து கனத்த தட்டின் விளிம்பு கீழே அமிழ்ந்து, மற்றப் பகுதியையும் இழுப்பதே முதன்மையான விசை என்று பலர் கருதுகிறார்கள். இந்த இயக்கம் பூமியில் எப்போது தொடங்கியது என்பதில்தான் இன்னும் உடன்பாடு இல்லை. 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே என்பாரும், 100 கோடிக்குப் பிறகே என்பாரும் இன்றும் பாறைகளைக் காட்டி வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.