வேர் என்னும் குலப்பெயர்

ஆங்கில நாவலாசிரியர் யோசேப் கொன்ராட்டின் குலப்பெயர் கொஷெனியோவ்ஸ்கி. போலிஷ் மொழியில் 'கொஷென்' என்பது வேர். அவ்வடியாகப் பிறந்த ஊர்ப்பெயரோடு 'ஸ்கி' விகுதி சேர, 'அவ்வூரார்' என்ற பொருள் அமைந்தது. தொடக்கத்தில் நிலமுடைய குடும்பங்களுக்கு உரியதாயிருந்த பெயர்முறை அது.

ஆயின் அந்த வேருக்கு மண் நிலைக்கவில்லை. 1857 இல் அவர் பிறந்த பெர்டிச்சிவ் அன்று ருஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று உக்ரேனில் உள்ளது. தேசப்பற்றுக் குற்றமாக, கவிஞரான தந்தை அப்பொல்லோ 1862 இல் மனைவி மகனுடன் வொலொக்டாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பெற்றோரை இழந்த சிறுவன் 1874 இல் மார்செய் துறைமுகம் சேர்ந்து மாலுமியானான். 1886 இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றான். 1895 இல் வெளிவந்த முதல் நாவலில் குலப்பெயர் இல்லை.

பொருளுக்காகத் தாய்மொழியைத் துறந்தார் என 1899 இல் நாவலாசிரியை எலிசா ஓஷெஷ்கோவா கடிந்தெழுதினார். கொடிய தீர்ப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. 1901 இல், தம் பெயரையே முழுதாகக் கொண்டிருந்த கிராக்கோ நூலகர் ஒருவருக்குக் கொன்ராட் விளக்கம் எழுதினார்: அந்நிய நாவுகள் குலப்பெயரைச் சிதைக்காதிருக்கவே இயற்பெயர்களுள் ஒன்றை முன்வைத்தாராம்.

பிள்ளைகள் கொன்ராட் என்றே வழங்கினர். 1924 இல் அவர் அடக்கம்பண்ணப்பட்ட கன்ரபெரியில், கல்லறையிலே கொஷெனியோவ்ஸ்கி மீண்டும் இடம்பெற்றது. பக்கத்திலிருந்த 'தியோடோர்' என்ற பெயரைத்தான் சிற்பி பிழையாகச் செதுக்கிவிட்டான்.