அப்பா படிக்காமல் கையெழுத்துப் போடும் ராகிங் படிவத்தில் என்னதான் இருக்கிறது?

பேரணாம்பட்டில் கல்லூரி அட்மிஷன் சீசன் வந்தாலே வேலை முழுக்க அண்ணன், அக்கா தலையில்தான். தோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்கும் பீடி சுற்றும் அம்மாவுக்கும் ஆன்லைன் படிவமெல்லாம் பழக்கமில்லை. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் நீங்கள்தான் போனிலேயே ஓ.டி.பி. கேட்டுக் கேட்டு நிரப்புவீர்கள். அந்தக் கட்டில் ராகிங் தடுப்பு உறுதிமொழியும் இருக்கும். மாணவருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா” என்றதும் போட்டுவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஃபிரட்டர்னிட்டி’, ‘சொராரிட்டி’ என்று மாணவர், மாணவியர் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி வீடு, சந்தா எல்லாம் இருக்கும். உள்ளே நுழைய சீனியர்கள் வைக்கும் ‘சோதனை’க்குப் பெயர் ஹேசிங். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படி மிதமிஞ்சிக் குடிக்க வைக்கப்பட்ட டிமோதி பியாசா என்ற 19 வயது மாணவர் படியில் விழுந்து இறந்தார். ஹேசிங் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில்தான் அங்கே தேசிய அளவில் சட்டம் வந்தது.

நம்ம ஊரில் கிரேக்க எழுத்து கிடையாது. ஹாஸ்டல் பிளாக் இருக்கிறது, சென்னையில் ‘ரூட்டு தல’ இருக்கிறது. சேர்ந்தால் பாதுகாப்பு, சேராவிட்டால் தனிமை என்ற கணக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்த விஷயத்தில் நாமும் அடிபட்டவர்கள்தான். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அவருடைய அப்பா பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் பையனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு என்ன என்று தமிழ்நாடே அதிர்ந்தது. சீனியர் மாணவர் ஜான் டேவிட்டுக்கு 1998இல் கடலூர் நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2011இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஒரு குடும்பம் முடிவுக்காகக் காத்திருந்தது 15 ஆண்டுகள்.

அந்தக் கொலைக்குப் பிறகு வந்ததுதான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எங்கும் சேரவும் முடியாது. ஒரு மாணவர் இயல்பாக விரும்பிச் செய்யாத எதையும் செய்யச் சொல்வதே இந்தச் சட்டப்படி ராகிங். “பாட்டுப் பாடு, அதுல என்னடா இருக்கு” என்பதும் இதற்குள் வரும். புகார் வந்தும் கல்லூரித் தலைமை கண்டுகொள்ளாவிட்டால், அதுவே குற்றத்துக்கு உடந்தை.

தம்பி பெங்களூருவில் படித்தால் தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது. ஆனால் யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் நாடு முழுக்கச் செல்லும். இமாச்சலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரு அடித்துக் கொல்லப்பட்ட ஆண்டு அது. நீங்கள் நிரப்பும் உறுதிமொழி அந்த விதிமுறைகளில் இருந்து வருவதுதான். சீனியரின் ரெக்கார்டு நோட்டை எழுதித் தருவது, டிபனுக்குக் காசு கொடுக்க வைப்பது இரண்டும் அதில் ராகிங் என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. 2016இல் சாதி, மதம், நிறம், ஊர், மொழி, வசதி ஆகியவற்றை வைத்துச் சீண்டுவதும் சேர்க்கப்பட்டது. நம்ம பகுதிப் பிள்ளைகளுக்கு இது முக்கியம். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசி வளர்ந்த பையனின் தமிழைக் கிண்டல் செய்தால் அது ‘சும்மா ஜாலி’ கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஜூனியர்களை மிரட்டுவதும் ராகிங்தான் என்று 2025இல் யு.ஜி.சி. கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

பெரிய பெயருள்ள கல்லூரி என்றால் பயமில்லை என்று அப்பாக்கள் நினைப்பார்கள். நம் மாவட்டத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில், விடுதி ஜூனியர்களை உள்ளாடையோடு சுற்ற வைத்த வீடியோ வெளியாகி, 2023 நவம்பரில் 7 சீனியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பெயர் போடாத ஒரு புகாரில்தான் அது தொடங்கியது.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? நேராகக் கேட்டால் எந்தப் பையனும் சொல்ல மாட்டான். அப்பா கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் அவன் வாயை அடைத்துவிடும். காசு அடிக்கடி கேட்கிறானா, ராத்திரி போனை எடுப்பதில்லையா, ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ரயில் ஏறும் நேரம் வந்தால் வயிற்றுவலி என்கிறானா என்று பாருங்கள். “சீனியருங்க எப்படி?” என்பதைவிட “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?” என்ற கேள்விக்கு உண்மை சீக்கிரம் வரும் என்பது என் அனுபவம்.

24 மணி நேர இலவச உதவி எண் 1800-180-5522. பெற்றோரும் அழைக்கலாம், அண்ணன், அக்காவும் அழைக்கலாம். தகவல் கல்லூரித் தலைமைக்கும் வார்டனுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் போகும். தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பது விதி. புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் மெசேஜை அழிக்க விடாதீர்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போடும் தாளில் அதிகம் இருப்பது இதுவல்ல. “என் பிள்ளை ராகிங் செய்ய மாட்டான், அதற்குத் துணை போக மாட்டான், மீறினால் தண்டனைக்கு உட்பட்டவன்” என்றுதான் அப்பா எழுதிக்கொடுக்கிறார். யார் செய்தது என்று அடையாளம் தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனையும் உண்டு. வேடிக்கை பார்த்தவனும் மாட்டலாம். இந்தப் படிவத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதலாண்டில் பயந்துகொண்டே நிரப்பிய அதே தம்பி, மூன்றாம் ஆண்டில் சீனியராக நிரப்புவான். அப்போதும் ஓ.டி.பி. உங்களிடம்தான் வரும். அப்பாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள், தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்து.