பாடியது ஒருவர், கிராமி வேறொருவருக்கு... 1990-ல் இசையுலகை உலுக்கிய 'மில்லி வனில்லி' மோசடி!

1989, ஜூலை 21. அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், பிரிஸ்டல் என்ற ஊரில் உள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் எம்.டிவி ஏற்பாடு செய்த இசை நிகழ்ச்சி. நீண்ட சடைப் பின்னல்கள் பறக்க, இரண்டு இளைஞர்கள் மேடையில் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. திடீரென்று பாட்டு ஓர் இடத்தில் சிக்கிக்கொள்கிறது. கீறல் விழுந்த ரெக்கார்டு போல ஒரே வரி, அதுவும் பாதி வரி, திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வரிக்கே கொஞ்ச நேரம் வாயசைத்துப் பார்த்த ஒருவர், சட்டென்று மேடையை விட்டே ஓடிவிடுகிறார்.

ஓடியவர் பெயர் ராப் பிலேட்டஸ். அவருடைய ஜோடி ஃபேப் மோர்வன். இருவரும் சேர்ந்து 'மில்லி வனில்லி'.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அந்தக் கூட்டம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேப் ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் நிகழ்ச்சியை ரசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். உலகம் கொதித்து எழ இன்னும் 16 மாதங்கள் பாக்கி இருந்தன!

யார் இந்த இருவர்?

ராப், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு தத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஃபேப், பாரிஸில் பிறந்தவர். நடனமும் மாடலிங்கும்தான் இருவருக்கும் தெரிந்த தொழில். கையில் காசில்லை, கண் நிறைய கனவு. 1988 தொடக்கத்தில் ஃபிராங்க் ஃபேரியன் என்ற ஜெர்மன் இசைத் தயாரிப்பாளரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஃபேப் பின்னாளில் சொன்ன கதை இது: கையெழுத்துப் போட்டதும் முன்பணம் கிடைத்தது. துணிமணி, தலையலங்காரம் என்று செலவழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், "நீங்கள் பாட வேண்டாம், வாயசைத்தால் போதும்" என்று சொல்லப்பட்டது. மாட்டேன் என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க இருவரிடமும் எதுவும் இல்லை.

ஃபேரியனுக்கு இது புது வித்தையும் அல்ல. நம்மூர் கல்யாண வீடுகளில்கூட ஒருகாலத்தில் ஒலித்த 'போனி எம்' குழுவை உருவாக்கியவர் அவர்தான். 'டாடி கூல்', 'ரஸ்புடின்' பாடல்களில் வரும் அந்தக் கட்டைக்குரல், மேடையில் சுழன்று சுழன்று ஆடிய பாபி ஃபேரலுடையது என்றுதான் ரசிகர்கள் நினைத்தார்கள். ஸ்டுடியோவில் அந்தக் குரலைக் கொடுத்தவர் சாட்சாத் ஃபேரியனே!

மில்லி வனில்லிக்காக சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் ஆகியோர் பாடினார்கள். ஜான் டேவிஸ், ராணுவப் பணிக்காக ஜெர்மனிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கர். தன் குரலுக்கு வேறொரு முகம் வாயசைப்பதை வீட்டில் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அவர் பிற்பாடு சொன்னார். ஒரு பாடகருக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்?

உச்சியில் ஒரு வருடம்

'கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ' ஆல்பம் 1989-ல் அமெரிக்காவில் வெளியானது. அந்த ஒரே வருடத்தில் மூன்று பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் முதல் இடம் பிடித்தன. அமெரிக்காவில் மட்டும் 60 லட்சம் பிரதிகள் போயின. 1990 பிப்ரவரியில், சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது மில்லி வனில்லிக்கு!

சந்தேகம் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. பேட்டிகளில் ராப் பேசினால் ஜெர்மன் வாடை, ஃபேப் பேசினால் பிரெஞ்சு வாடை. பாட்டிலோ அப்பட்டமான அமெரிக்க உச்சரிப்பு. ஐரோப்பாவில் வெளியான ஆல்பத்தில் பாடியவர்கள் இவர்கள்தான் என்று வெளிப்படையாகப் போடவில்லை. அமெரிக்காவில் வெளியானதில் ராப், ஃபேப் பெயர்களையே பாடகர்களாக அச்சிட்டிருந்தார்கள். இதைப் பார்த்த சார்லஸ் ஷா, பாடியவர்களில் தானும் ஒருவன் என்று 1989 இறுதியில் ஒரு பத்திரிகையாளரிடம் உடைத்தார். பிறகு அவரே அதை மறுத்தார். மறுப்பதற்காக அவருக்குப் பெரிய தொகை கொடுக்கப்பட்டதாகப் பேச்சு எழுந்தது.

குட்டு முழுமையாக உடைந்தது வேறு விதத்தில். "அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுகிறோம்" என்று ராபும் ஃபேபும் பிடிவாதம் பிடித்தார்கள். 1990 நவம்பரில் ஃபேரியன் பத்திரிகையாளர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "இவர்கள் ஒரு வரிகூடப் பாடவில்லை!"

தண்டனை யாருக்கு?

சில நாட்களிலேயே கிராமி விருது திரும்பப் பெறப்பட்டது. அந்த வருடத்துக்கான அந்தப் பட்டம் வேறு யாருக்கும் தரப்படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். எங்களுக்கும் பாட வரும் என்று அங்கேயே பாடியும் காட்டினார்கள். யாரும் அதைக் கேட்கும் மனநிலையில் இல்லை. ஆல்பத்தை வெளியிட்ட ஆரிஸ்டா நிறுவனம், தனக்கு எதுவும் தெரியாது என்று கைவிரித்து, ஆல்பத்தைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஏமாந்துபோனதாகச் சொல்லி ரசிகர்கள் நீதிமன்றம் போனார்கள். கடைசியில், கேசட்டும் சி.டி-யும் வாங்கியவர்களுக்கு ஒரு தொகையைத் திருப்பித் தர சமரசம் ஏற்பட்டது.

தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு ராபும் ஃபேபும் தினப்படி தீனியானார்கள். 1993-ல் சொந்தக் குரலில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். விற்றது சுமார் 2,000 பிரதிகள்தான்.

திட்டம் போட்ட ஃபேரியன்? உண்மையான பாடகர்களை முன்னிறுத்தி 1991-ல் இன்னோர் ஆல்பம் வெளியிட்டார். 90-களின் நடுவில் 'லா பூஷ்' குழுவை உருவாக்கி மீண்டும் வெற்றி பெற்றார். விருதைப் பறிகொடுக்கவோ, கேலிக்கு ஆளாகவோ அவருக்கு அவசியமே வரவில்லை. மேடையில் தெரிந்த முகங்கள்தான் மாட்டிக்கொண்டன.

வாயசைப்பது குற்றமா?

தமிழ் ரசிகருக்கு இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ் பாடினார். யாராவது எம்.ஜி.ஆர் மீது வழக்குப் போட்டார்களா? 1938-ல் ஏவி.எம் செட்டியார் எடுத்த 'நந்தகுமார்' படத்தில், நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்ததிலிருந்து, இன்னொருவர் குரலுக்கு வாயசைப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். நன்றாக வாயசைப்பதே இங்கே நடிப்புத் திறமையில் சேர்த்தி!

ஆனால், நாமும் முதலிலேயே நேர்மையாக இருந்துவிடவில்லை. 1949-ல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கு, இசைத்தட்டில் பாடகி பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடியது யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகுதான், லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. பின்னணிப் பாடகர்களின் பெயர் இசைத்தட்டில் ஏறுவது பரவலானது அதற்குப் பிறகுதான்.

அப்படிப் பார்த்தால், மில்லி வனில்லி விஷயத்தில் வாயசைத்தது பெரிய பாவமில்லை. பாடியவரின் பெயரை மறைத்து, பாடாதவரின் பெயரை அந்த இடத்தில் எழுதியதுதான் மோசடி. அந்தப் பெயர்களை அட்டையில் அச்சிடுவது, மேடையில் ஆடிய இருவர் மட்டும் எடுத்திருக்கக்கூடிய முடிவு அல்ல.

பெயருக்காகப் போராடிய பெண்

அதே காலகட்டத்தில் நடந்த இன்னொரு விவகாரம், இதைவிடவும் மறக்கப்பட்டது. 'எவ்ரிபடி டான்ஸ் நவ்' என்ற அந்த உச்சஸ்தாயிக் கூவலை இன்றும் ஏதாவது ஒரு மைதானத்திலோ விளம்பரத்திலோ கேட்கலாம். 'சி அண்டு சி மியூசிக் ஃபேக்டரி' என்ற குழு 1990-ல் வெளியிட்ட பாடல் அது. வீடியோவில் வாயசைத்தவர் ஒல்லியான ஓர் இளம்பெண். குரலுக்குச் சொந்தக்காரர், 'தி வெதர் கேர்ள்ஸ்' ஜோடியில் ஒருவரான மார்த்தா வாஷ்.

'பிளாக் பாக்ஸ்' என்ற இத்தாலியக் குழுவும் மார்த்தாவைப் பாட வைத்துவிட்டு, வீடியோவில் ஒரு பிரெஞ்சு மாடலை ஆடவிட்டிருந்தது. ஆல்பத்தில் மார்த்தாவின் பெயரே இல்லை. காரணம் ஊரறிந்தது. மார்த்தா பருமனானவர்.

மார்த்தா சும்மா இருக்கவில்லை. இரண்டு தரப்பு மீதும் வழக்குத் தொடுத்தார். இரண்டும் சமரசத்தில் முடிந்தன. ஒன்றில் அவருக்குத் தனி ஆல்பத்துக்கான ஒப்பந்தமும் கிடைத்தது. சி.டி-களிலும் வீடியோக்களிலும் பாடியவர் பெயரைத் தவறாமல் போடும் வழக்கம் வலுப்பட்டதற்கு இந்த வழக்குகளை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். மில்லி வனில்லி பற்றி ஆயிரம் ஜோக்குகள் வந்தன. பாடுகிறவர்களுக்கு உருப்படியாக ஏதாவது கிடைத்தது என்றால், அது மார்த்தா வாஷ் படியேறிய நீதிமன்றத்திலிருந்துதான்.

அதற்குப் பிறகு...

ராப் அந்த அவமானத்திலிருந்து மீளவே இல்லை. போதைப் பழக்கம், சிறைவாசம் என்று நாட்கள் போயின. ஃபேரியனே மீண்டும் முன்வந்து, இந்த முறை ராபும் ஃபேபும் நிஜமாகவே பாடிய ஓர் ஆல்பத்தைத் தயாரித்தார். அது வெளிவரவே இல்லை. 1998 ஏப்ரலில், ஃபிராங்ஃபர்ட் அருகே ஒரு ஹோட்டல் அறையில் ராப் இறந்துகிடந்தார். மதுவும் மாத்திரைகளும் சேர்ந்ததால் நேர்ந்த விபத்து என்று முடிவானது. அப்போது வயது 32.

ஃபேப் தாக்குப்பிடித்தார். ஒவ்வொரு வருடமும் சின்னச் சின்ன மேடைகளில் பாடிப் பாடித் தன்னை வளர்த்துக்கொண்டார். ஒருகாலத்தில் தனக்கே தெரியாமல் தனக்குக் குரல் கொடுத்த ஜான் டேவிஸோடு நட்பாகி, இருவரும் ஒரே மேடையில் சேர்ந்து பாடினார்கள். முகமும் குரலும் ஒருவழியாக ஒன்றாக நின்றன. ஜான் 2021-ல் கொரோனாவுக்குப் பலியானார். ஃபேரியன் 2024-ல், 82 வயதில் காலமானார். இடையில், 2023-ல் வெளியான ஆவணப்படம் இந்தக் கதையைப் புதிய தலைமுறைக்குச் சொன்னது. சிரித்துவிட்டுப் போன பலர், முதல்முறையாக 'அட, அந்த இருவர் மட்டும்தானா குற்றவாளிகள்?' என்று கேட்டார்கள்.

ஃபேப் தன் வாழ்க்கைக் கதையை ஒலிப்புத்தகமாக வெளியிட்டார். 2026 கிராமி விருதுகளுக்கான பரிந்துரைப் பட்டியலில், ஒலிப்புத்தகப் பிரிவில் அது இடம்பெற்றது. விருது பறிக்கப்பட்டு 35 வருடங்கள் கழித்து, அதே கிராமியில் அவர் பெயர். அந்தப் புத்தகத்தில் ஒலிப்பது, ஃபேப் மோர்வனின் சொந்தக் குரல்!