வீடு மாறியாயிற்று, நல்ல ஓட்டல் எங்கே?

வீடு பார்க்கச் செல்லும்போது நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! நிலத்தடித் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? பள்ளிவாசல் எத்தனை தொலைவு? பிள்ளைகளுக்கு மதரஸா உண்டா? இரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ செல்கிறதா? இத்தனையும் கேட்டு, முன்பணமும் கொடுத்து, சாமான்களை இறக்கிவைத்த முதல் நாள் மாலையில்தான் ஒரு கேள்வியை மறந்துவிட்டது தெரியவருகிறது. எரிவாயு இணைப்பு இன்னும் மாறி வரவில்லை. பாத்திரங்கள் சாக்குமூட்டைக்குள் கிடக்கின்றன. பிள்ளைகள் பசி என்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே செல்வது?

சென்னையில் திருவல்லிக்கேணி, மண்ணடி, இராயப்பேட்டை முதலிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்த நம் குடும்பங்கள் பல, வாடகை தாளாமலும் இடம் போதாமலும் தென்புறம் நோக்கிப் பெயர்ந்து வருகின்றன. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று இரயில் பாதை நெடுகிலும் அடுக்குமாடி வீடுகள். அவற்றின் கீழ்த்தளத்திலேயே விளக்கொளி மின்னும் உணவகங்கள். கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், மண்ணடியில் எந்தக் கடைக்குக் கறி எங்கிருந்து வருகிறது என்பது தெருவுக்கே தெரியும். எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை. வண்டி ஏற்றிய சாமான்களோடு அந்த அறிவு நம்முடன் வருவதில்லை. அதைப் புது இடத்தில் முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது.

“வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே!” என்று பெரியவர்கள் கூறக்கூடும். உண்மைதான். ஆயினும் இல்லத்தரசிக்குக் காய்ச்சல் கண்ட நாளில் அடுப்பு மூட்டுபவர் யார்? முன்னறிவிப்பின்றி ஊரிலிருந்து ஆறு பேர் வந்து இறங்கினால்? நம்பகமான ஓர் ஓட்டல் அருகில் இருப்பது, அந்த வீட்டின் பெண்மணிக்குக் கிடைக்கும் ஓய்வு என்றே நாம் கருதுகிறோம். ஆகவே அதைத் தேடும் பொறுப்பையும் ஆண்கள் ஏற்றுக்கொள்வதே முறை.

பலகையை மட்டும் பார்க்காதீர்கள்

‘ஹலால்’ என்ற சொல்லைப் பச்சை வண்ணத்தில் எழுத எவருக்கும் தடையில்லை. நம் நாட்டில் ஹலால் சான்றிதழ் வழங்குவோர் தனியார் அமைப்பினரே. தெருமுனை ஓட்டல்களில் பெரும்பாலானவை அத்தகைய சான்றிதழ் எதையும் வாங்குவதில்லை. ஆகவே, “இது ஹலாலா?” என்று கல்லாவில் இருப்பவரிடம் கேட்பதில் பயன் குறைவு. “ஆம்” என்பதைத் தவிர அவர் வேறென்ன கூறப்போகிறார்? மாறாக, “ஆட்டுக்கறி எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்? கோழி எங்கிருந்து வருகிறது?” என்று இன்முகத்துடன் கேளுங்கள். மறைக்க ஏதுமில்லாதவர் கடையின் பெயரைத் தயங்காமல் சொல்லிவிடுவார். அந்தக் கறிக்கடைக்கு ஒரு காலை நேரத்தில் நீங்களே சென்று அரைக் கிலோ வாங்குங்கள். அறுப்பவர் யார் என்பதும், எந்தெந்த ஓட்டல்காரர்கள் அன்றாடம் எவ்வளவு எடுத்துச் செல்கிறார்கள் என்பதும் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். எவர் புதுக்கறி கேட்கிறார், எவர் எஞ்சியதை விலை குறைத்துக் கேட்கிறார் என்பதைக் கறிக்கடைக்காரரைவிட நன்கறிந்தவர் ஊரில் இல்லை!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்துச் சகோதரர்கள் நடத்தும் அசைவ உணவகங்கள் பல, எல்லாரும் வந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகவே பாய் கடையில் கறி வாங்குகின்றன. பலகையில் முஸ்லிம் பெயர் இல்லை என்பதால் அவற்றை ஒதுக்குவது நியாயமன்று. பலகையில் பெயர் இருப்பதனாலேயே சமையற்கட்டு சுத்தமாக இருக்கும் என்பதும் இல்லை. பன்றி இறைச்சியும் பரிமாறும் உணவகமாயின், அதே வாணலியும் அதே எண்ணெயுமா என்று கேட்பது அவசியம். உறைநிலையில் வரும் கோழித் துண்டுகளை வறுத்துத் தரும் கடையாயின், அந்தப் பொட்டலத்தைக் காட்டும்படி கேட்பதிலும் தவறில்லை. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் வீட்டார் நண்டு உண்பதில்லை. கடலுணவுக் கடைக்குச் செல்லும்போது வறுக்கும் கல்லைப் பற்றி அவர்களும் ஒரு சொல் விசாரித்துக்கொள்ளலாம்.

யாரைக் கேட்பது?

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் கேட்கலாம் என்பது எவருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் ஜமாஅத் பெரியவர்களைக் கேட்காதீர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிடுபவர்கள்! அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களைக் கேளுங்கள். மூன்று வேளையும் வெளியில் உண்டு, தம் வயிற்றையே சோதனைக்கூடமாக்கியவர்கள் அவர்கள். எந்தக் கடையில் சால்னா புளித்தது, எந்தக் கடையில் தோசை மாவு நேற்றையது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்வார்கள். ஆட்டோ ஓட்டுநர்களும், இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் தம்பிகளும் அவ்வாறே.

இவர்களைவிடவும் மேலான ஒருவர் உண்டு. அவர்தான் பண்டாரி. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுபவரும், அந்த வட்டாரத்துத் திருமணங்களுக்குத் தேக்சா ஏற்றுபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். எந்த ஓட்டலில் எந்த மாஸ்டர் வேலை செய்கிறார், யார் எங்கிருந்து எங்கே மாறினார், எவர் மசாலாவைத் தாமே அரைக்கிறார், எவர் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஓட்டலின் பெயர் அப்படியே இருக்க, மாஸ்டர் மாறியதும் சுவை மாறிவிடுவதை நாம் கண்டதில்லையா? பண்டாரியோடு பழகி வைத்திருப்பவர்களுக்கு அச்செய்தி முதலில் எட்டிவிடும்.

இல்லத்தரசிகள் கேட்க வேண்டிய இடம் வேறு. அடுக்ககத்தின் மாடிப்படிகளிலும் மதரஸா வாசலிலும்தான் அவர்களுக்கு விவரம் கிடைக்கும். காலையில் இடியாப்பமும், வெள்ளிக்கிழமைகளில் சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும் பிரியாணியும் செய்து தரும் சகோதரிகள் பல வட்டாரங்களில் இருக்கிறார்கள். பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. கணவரை இழந்தபின் இதைக் கொண்டே பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களும் அவர்களில் உண்டு. இப்படியொரு வீட்டுச் சமையல் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கண்ணும் மூக்கும்

முதன்முறை செல்லும்போது குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்ல வேண்டாம். அன்றைய கூட்டத்தில் நல்ல கடையும் தடுமாறும். வாரநாள் ஒன்றில் ஒருவர் மட்டும் சென்று, சிறிதளவு உண்டு பார்த்து வரட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்க எண் சுவரில் தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கடைக்கு உரிமம், சிறு கடைக்குப் பதிவு. இரண்டுக்கும் எண் உண்டு. சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், குளிர்ந்தது 5 பாகைக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. வெப்பமானியை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. தட்டில் விழும் குழம்பில் ஆவி எழவில்லையெனில் நாமே உணரலாம். பொரித்த எண்ணெய் எந்த அளவுக்குக் கெட்டபின் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் 2018 ஜூலை முதல் வரம்பு நடைமுறையில் உள்ளது. கருத்து, நுரைத்து, வாசலிலேயே காறல் வாடை வீசும் எண்ணெயை அறிய மூக்கே போதும்.

பிரியாணிக்கு நேரம் முக்கியம். தம் போட்ட தேக்சாவைத் திறந்த ஒரு மணி நேரத்துக்குள் கிடைப்பது ஒரு சுவை. மாலை ஐந்து மணிக்குக் கிடைப்பது வேறு. “அடுத்த தேக்சா எப்போது திறப்பீர்கள்?” என்று கேட்டால், நல்ல கடைக்காரர் மணி சொல்வார். “எப்போதும் சூடாகவே இருக்கும்” என்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். பகல் இரண்டு மணிக்கே தீர்ந்துபோகும் கடையைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள். மீந்ததை மறுநாள் கலக்காத கடையாக அது இருக்க வாய்ப்பு அதிகம். மண்ணடிச் சுவையையே எங்கும் எதிர்பார்ப்பதும் வீண். ஒரு கடையில் ஆம்பூர்க்காரர் காய்ந்த மிளகாய் விழுதும் சீரகச் சம்பாவுமாகச் செய்து, கத்தரிக்காயும் வைப்பார். அடுத்த கடையில் நீள அரிசியும் தால்ச்சாவும் இருக்கும். இரண்டும் நல்லவையே.

பிள்ளைகள் கேட்கும் ஷவர்மாவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில், ஷவர்மா உண்டபின் உடல்நலம் குன்றிப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனதை மறக்க இயலுமா? அரைவேக்காட்டு இறைச்சியும், பச்சை முட்டையில் கடைந்து வெயிலில் வைத்த மயோனைசும் பொல்லாதவை. பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. வெயிலிலும் தூசியிலும் கம்பி சுழலும் கடையைக் கடந்து செல்வதே மேல். பிள்ளை அழுதாலும் சரி.

கைப்பேசியில் காணும் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே சமையற்கட்டிலிருந்து நான்கைந்து பெயர்களில் உணவு அனுப்புவோர் உண்டு. அங்கே அமர்ந்து உண்ண இடமே இராது. முகவரியை மட்டும் அதில் பார்த்துக்கொண்டு, ஒருமுறை நேரில் சென்று வாருங்கள். பெண்கள் அமர்வதற்குத் தனியிடம் உண்டா, கைகழுவுமிடம் எவ்விதம் இருக்கிறது, மஃக்ரிப் நேரம் வந்துவிட்டால் அருகில் தொழ வசதி உண்டா என்பதையெல்லாம் நட்சத்திரங்கள் சொல்வதில்லை.

பார்சல் வாங்குவோர் வீட்டிலிருந்தே தூக்குச்சட்டியும் டிபன் பாக்சும் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை உள்ளது. கொதிக்கும் சால்னாவை அவற்றில் ஊற்றி வாங்குவது உடலுக்கும் கேடு. பாத்திரத்தோடு வருபவர் அக்கம்பக்கத்துக்காரர் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும். கரண்டியும் சற்றுத் தாராளமாகவே சாயும்!