கோடைக்கு ஏற்ற லேஸ் கார்டிகன்



வ. புதுப்பட்டியின் சித்திரை வெயிலில் கார்டிகன் எதற்கு என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் குளிர்சாதன அறையில் இராப்பணி செய்யும் செவிலியரையும், மின்விசிறிக் காற்றே உடம்புக்கு ஆகாத முதியவரையும் நாம் அறிவோம். அவர்களுக்கென்று அன்பர்கள் பாடுபட்டுப் பின்னிய கம்பளிச் சட்டைகள் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கின்றன. பின்னியவருக்கும் வருத்தம், போட முடியாதவருக்கும் வருத்தம். கார்டிகன் குளிர்நாட்டு உடை. 1854-ல் கிரிமியப் போரில் குதிரைப்படை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயரைக் கொண்டது. நம் ஊருக்கு அது வர வேண்டுமானால் நூலும் மாற வேண்டும், பின்னலும் மாற வேண்டும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் காஸ் துணியைப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே இடம் விட்டு நெய்வதால்தான் கட்டுப் போட்ட பிறகும் காயத்துக்குக் காற்றுப் போகிறது. லேஸ் பின்னலிலும் அதே காரியந்தான் நடக்கிறது. இரண்டு கண்ணிகளை ஒன்றாய்ப் பின்னினால் ஒரு கண்ணி குறையும். உடனே நூலை ஊசியின்மேல் ஒரு சுற்றுப் போட்டால் குறைந்தது திரும்ப வரும். அந்த இடத்தில் ஒரு துளையும் விழும். குறைப்பும் சுற்றும் சரிக்குச் சரியாயிருந்தால் அகலம் மாறாது. இலையானாலும் பூவானாலும் அடிப்படைக் கணக்கு இதுவே. ஆகவே ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணிவிடுங்கள்.

நம் தெற்கத்தி மக்கள் ரேந்தை என்பது இதனின்று வேறு. திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே ரேந்தை விற்ற காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு. துளை விழுந்த நூலுக்கு அத்தனை பெறுமதி இருந்தது!

கார்டிகனுக்கு வருவோம். மெல்லிய பருத்தி நூல் போதும். வழக்கமாய் 12-ஆம் எண் ஊசியில் பின்னும் நூலை 9-ஆம் எண்ணில் பின்னுங்கள். நம் கடைகளில் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும் என்பது தெரிந்ததே. கண்ணிகள் தளர்ந்து, துளைகள் நன்றாய்த் திறக்கும்.

பருத்திக்குக் கம்பளியின் துள்ளல் கிடையாது. இழுத்தால் இழுத்தபடியே நிற்கும், கனமும் அதிகம். முதலில் 4 அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, நனைத்து, உலர்த்தி, ஓர் இரவு தொங்கவிட்டு அளந்து பாருங்கள். எவ்வளவு நீள்கிறதோ அந்தக் கணக்கில் சட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தச் சதுரத்தைச் சோம்பலால் விடுகிறவர்கள்தாம் அதிகம். முழுப் பாரமும் தோளில் விழுவதால், தோள் தையலின் உட்புறம் பருத்தி நாடா வைத்துத் தையுங்கள். முன்விளிம்பைத் துளையின்றி நெருக்கமாய்ப் பின்னி, கனமில்லாத பொத்தான்களைப் போடுங்கள். கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் சுருட்டிவிடலாம்.

துவைத்தபின் முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் பாயின்மேல் விரித்து உலர்த்துங்கள். கொடியில் போட்டால் இடுப்புச் சட்டை முழங்காலைத் தேடி இறங்கிவிடும்.