குழந்தைக்குப் பார்த்தார்கள், அம்மாவுக்கு?

என் மகள் பிறந்த அன்றே அவளுடைய தைராய்டு சுரப்பியைச் சோதிக்க இரத்தம் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஊசிகூடக் குத்தவில்லை. தொப்புள்கொடியில் இருந்த இரத்தமே போதுமாக இருந்தது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் 1998-இல் தொடங்கிய திட்டம் இது. பிறவியிலேயே தைராய்டு குறைபாடுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். முதல் சில வாரங்களுக்குள் மருந்து கொடுத்தால் அதைத் தடுத்துவிடலாம்.

குழந்தையின் தைராய்டைப் பார்க்க ஒரு நாள் ஆனது. என்னுடையது கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்க ஏழு மாதங்கள் ஆயின. நானோ அறிவியல் ஆசிரியை! அந்த ஏழு மாதங்களில் என் உடலில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம், மாணவர்களே.

இரண்டாம் மாத இறுதியில் என் நெஞ்சு காரணமில்லாமல் படபடத்தது. குளிர்சாதன அறையிலும் வியர்த்தது. கை நடுங்கியது. எடை மளமளவென்று குறைந்தது. "பால் கொடுக்கிறாய், இரவில் தூக்கம் இல்லை. அப்படித்தான் இருக்கும்," என்றார் என் அத்தை. உடம்பு இளைத்துவிட்டதே என்று தோழிகள் பாராட்டவும் செய்தார்கள். நான்காம் மாதம் எல்லாம் தானாகவே அடங்கியது.

ஐந்தாம் மாதம் வேறு கதை தொடங்கியது. உடல் சோர்ந்தது, குரல் கரகரத்தது. மருந்தகத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் இயல்பாக இருக்கிறது," என்றார்கள். நிம்மதியாக வீடு திரும்பினேன். ஏழாம் மாதம், நண்பகல் வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது. மலச்சிக்கல் வந்தது. ஒரு நாள் வகுப்பில் 'சவ்வூடுபரவல்' என்ற சொல் வாயில் வரவில்லை. பத்து ஆண்டுகளாகக் கற்பிக்கும் சொல் அது. மாணவி ஒருத்திதான் எடுத்துக் கொடுத்தாள். அன்று மாலையே மீண்டும் மருத்துவரிடம் போனேன்.

இதற்குப் பெயர் மகப்பேற்றுக்குப் பிந்திய தைராய்டு அழற்சி. பிரசவமான ஓராண்டுக்குள் ஏறத்தாழ நூற்றில் ஐந்து தாய்மார்களுக்கு இது வருகிறது. நாட்டுக்கு நாடு இந்த எண்ணிக்கை மாறும்.

தொட்டி, வாளி, குழாய்

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் நாளமில்லாச் சுரப்பி. உணவில் உள்ள அயோடினைக் கொண்டு அது டி-4, டி-3 என்ற இரண்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. டி-4 மூலக்கூற்றில் நான்கு அயோடின் அணுக்கள், டி-3 மூலக்கூற்றில் மூன்று. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்க வேண்டும், குடல் எவ்வளவு விரைவாக அசைய வேண்டும் என்பவற்றில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

மற்றச் சுரப்பிகளிடம் இல்லாத ஒரு பழக்கம் தைராய்டுக்கு உண்டு. அது சேமித்து வைக்கும். இரண்டு மூன்று மாதங்களுக்குத் தேவையான ஹார்மோன் எப்போதும் அதனுள் இருப்பில் இருக்கும். ஆகவே தைராய்டை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தம், தொட்டியின் குழாய்க்குக் கீழே இருக்கும் வாளி. மூளையின் அடியில் உள்ள பிட்டியூட்டரி சுரப்பி, வாளியைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திறந்து மூடும் காவலாளி. வாளியில் தண்ணீர் குறைந்தால் குழாயைத் திறப்பார், நிறைந்தால் மூடுவார். அவர் கையின் அசைவுதான் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன். டி-4 குறைந்தால் டி.எஸ்.எச். கூடும், டி-4 கூடினால் டி.எஸ்.எச். குறையும். பாடத்தில் 'எதிர்மறைப் பின்னூட்டம்' என்று படிக்கிறோமே, அது இதுதான்.

இப்போது தொட்டியில் விரிசல் விழுகிறது. என்ன நடக்கும்? சேமித்து வைத்திருந்த தண்ணீர் கட்டுப்பாடின்றி வாளியில் கொட்டும். காவலாளி குழாயை இறுக மூடுவார். பயன் இல்லை. படபடப்பு, வியர்வை, நடுக்கம், எடைக் குறைவு எல்லாம் இந்த வெள்ளத்தின் அடையாளங்கள். சில வாரங்களில் தொட்டி காலியாகிவிடும். இப்போது காவலாளி குழாயை முழுவதுமாகத் திறந்தாலும் சொட்டுத் தண்ணீர் வராது. குளிர், சோர்வு, மலச்சிக்கல், மறதி எல்லாம் இந்த வறட்சியின் அடையாளங்கள். பிறகு விரிசல் ஆறும். பெரும்பாலோருக்குத் தொட்டி மறுபடியும் நிரம்பும்.

எல்லாருக்கும் இரண்டு கட்டங்களும் வருவதில்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வறட்சியை மட்டுமே உணர்கிறார்கள். சிலருக்கு வெள்ளம் மட்டும். எனக்கு இரண்டும் வந்தன.

விரிசலை ஏற்படுத்துவது யார்?

நம் சொந்த நோயெதிர்ப்பு மண்டலம்தான். வயிற்றில் வளரும் குழந்தையின் அணுக்களில் பாதி மரபுத் தகவல் தந்தையுடையது. தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று தாக்காமல் இருக்க, கருவுற்றிருக்கும் காலத்தில் அதன் சில செயல்கள் அடங்கியிருக்கும். பிரசவத்துக்குப் பிறகு அது விழித்தெழும்போது சிலருக்கு அளவு மீறி எழுகிறது. தைராய்டையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறது.

இது திடீரென்று முளைப்பதில்லை. அயோடினை ஹார்மோனில் சேர்க்க உதவும் தைராய்டு பெராக்ஸிடேஸ் என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பலருடைய இரத்தத்தில் முன்பே இருக்கின்றன. கருவுற்ற தொடக்கத்தில் இவை காணப்படும் பெண்களில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இந்நோய்க்கு ஆளாகலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், முந்திய பிரசவத்தில் இது வந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் நியூசிலாந்தில் பணியாற்றிய ராபர்ட்டன் என்ற பொது மருத்துவர். பிரசவத்துக்குப் பின் சோர்வு, குளிர், முடி மாற்றம் என்று வந்த தாய்மார்களுக்குத் தைராய்டுச் சாறு கொடுத்துப் பார்த்தார், தேறினார்கள். 1948-இல் அதை எழுதி வெளியிட்டார். ஆனால் டி.எஸ்.எச்.சை அளக்கும் துல்லியமான சோதனை அப்போது இல்லை. ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி அமினோவும் அவர் குழுவினரும் 1970-களிலும் 1982-லும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகே இது எவ்வளவு பரவலானது என்பது மருத்துவ உலகுக்குப் புரிந்தது. தாய்மார்கள் சொன்னதை அளந்து காட்டக் கருவி வரும்வரை, அது 'பிள்ளை பெற்ற களைப்பு' என்றே இருந்தது.

இரண்டு சீட்டுகள்

இப்போது என் இரண்டு சோதனைச் சீட்டுகளைப் பாருங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் இயல்பு அளவு டி.எஸ்.எச்.சுக்கு 0.4 முதல் 4.0 வரை, டி-4-க்கு 12 முதல் 22 வரை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இவை சற்று மாறும்.

ஐந்தாம் மாதம்: டி.எஸ்.எச். 1.8, டி-4 12.4.

ஏழாம் மாதம்: டி.எஸ்.எச். 38, டி-4 6.

இரண்டாம் சீட்டு எளிது. வாளி வற்றிவிட்டது, காவலாளி குழாயைத் திருகிக்கொண்டே இருக்கிறார். தைராய்டுதான் வேலை செய்யவில்லை.

முதல் சீட்டு பொய் சொன்னதா? இல்லை. அன்றைய நிலையை அது சரியாகவே சொன்னது. வெள்ளம் வடிந்து வறட்சி தொடங்கும் முன், வாளியின் மட்டம் ஒரு நாள் 'இயல்பு' என்ற கோட்டைக் கடந்துதானே கீழே இறங்க வேண்டும்? காவலாளியோ பல வாரங்கள் குழாயை மூடியே வைத்திருந்தவர். அவர் கை மறுபடியும் அசையச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் என் இரத்தம் எடுக்கப்பட்டது. டி-4 இயல்பின் அடிவிளிம்பில் நின்றதைப் பாருங்கள். மூன்றாம் மாதமே ஒரு சோதனை செய்திருந்தால் டி-4 உயர்ந்தும் டி.எஸ்.எச். வெகுவாகத் தாழ்ந்தும் இருந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் ஐந்தாம் மாதச் சீட்டு இறங்குமுகம் என்பது அன்றே தெரிந்திருக்கும்.

அறிவியல் பாடத்தில் வெப்பநிலையை ஒரே ஒரு முறை அளந்துவிட்டு வரைபடம் வரைய நான் உங்களை விடுவதில்லை. மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை ஒரு புள்ளியால் அறிய முடியாது. என் சொந்த உடம்புக்கு அந்தப் பாடத்தை மறந்துவிட்டேன். அறிகுறிகள் தொடர்ந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

குழப்பும் வேறு சில

வெள்ளக் கட்டத்தைப் பார்த்துச் சில வேளைகளில் கிரேவ்ஸ் நோயோ என்று ஐயம் வரும். அதில் தொட்டி உடையவில்லை. சுரப்பி உண்மையாகவே அதிகமாகத் தயாரிக்கிறது. அதற்கெனத் தனி எதிர்ப்பொருள் சோதனை உண்டு. இந்த வேறுபாடு முக்கியம். கிரேவ்ஸ் நோய்க்குத் தயாரிப்பைக் குறைக்கும் மருந்து தருவார்கள். விரிசல் விழுந்த தொட்டிக்கு அது உதவாது. படபடப்பை அடக்கும் மருந்தைக் கொஞ்ச காலம் கொடுத்தால் போதும்.

இரத்தச் சோகையும் சோர்வைத் தரும். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வும் அப்படித்தான். அதற்குத் தனியே கவனிப்பு தேவை. ஆகவே எது என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. இன்னொன்று: பிரசவத்துக்குப் பின் முடி கொட்டுகிறதே என்று பலர் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வுக்கூட முறைகளில் தைராய்டு முடிவுகளையே மாற்றிக் காட்டிவிடும். சாப்பிடுகிறவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வறட்சிக் கட்டத்துக்கு லெவோதைராக்சின் மாத்திரை. சுரப்பி தயாரிக்கும் அதே டி-4 தான் அது. பால் கொடுக்கும் தாய்மார்களும் சாப்பிடலாம். நான் சாப்பிட்டேன். ஆறாவது வாரம் படிக்கட்டில் நிற்காமல் ஏறினேன். பெரும்பாலோருக்கு ஓராண்டு வாக்கில் சுரப்பி பழைய நிலைக்குத் திரும்பும். சிலருக்குக் குறைபாடு நிலைத்துவிடும். திரும்பியவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் என்ன செய்யலாம்?

எல்லாத் தாய்மார்களுக்கும் தைராய்டு சோதிப்பது வழக்கத்தில் இல்லை. யாராவது கேட்டால்தான் பார்ப்பார்கள். கேட்பதற்கு நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. தடுப்பூசிக்காகக் குழந்தையை 2, 3, 5, 9, 12-ஆம் மாதங்களில் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். தைராய்டு அழற்சியின் இரண்டு கட்டங்களும் வருவது இதே மாதங்களில்தான். அங்கே எல்லாரும் குழந்தையின் எடையைக் கேட்பார்கள். அம்மாவின் எடையைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ சித்தியோ கைக்குழந்தையுடன் இருந்தால், அவர் சொல்லும் அறிகுறிகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எப்போது படபடத்தது, எப்போது குளிர் தொடங்கியது, எடை எவ்வளவு. நான் அப்படி ஒரு தாள் வைத்திருந்தால் ஐந்தாம் மாதமே மருத்துவருக்குக் கதை முழுவதும் தெரிந்திருக்கும். அடுத்த தடுப்பூசி நாளில் அந்தத் தாளை அவர் கைப்பையில் வைத்துவிடுங்கள்.