நோன்பும் உடலும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கனமூலை போன்ற முஸ்லிம் ஊர்களும், உடப்பு போன்ற இந்துத் தமிழ் ஊர்களும் உள்ளன. ஒருபால் ரமழான் நோன்பு. மறுபால் ஏகாதசி, கந்தசட்டி, திரௌபதை அம்மன் தீமிதிப்பை ஒட்டிய விரதம். விரதம் உடலைத் தூய்மை செய்யும் என்பாரும், அது உடலை வருத்தும் மூடவழக்கம் என்பாரும் உளர். இக்கூற்றுகளை உடற்றொழிலியல் நோக்கில் ஆராய்வோம்.

உணவு நின்ற சில மணி நேரத்தின் பின், ஈரலில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் குளுக்கோசாக மாறிக் குருதியை அடைகின்றது. ஏறத்தாழ ஒரு நாளில் அச்சேமிப்பு பெரிதும் குறைய, கொழுப்பே முதன்மை எரிபொருளாகின்றது. உபவாசம் நீடிப்பின், கொழுப்பினின்று ஈரல் ஆக்கும் கீற்றோன்களை மூளையும் பயன்படுத்தும். தசைப் புரதமும் ஓரளவு சிதையும். எனவே ஒருநாள் உபவாசம் நலமுள்ளவரைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. ஆயின், நச்சு நீக்கம் ஈரலும் சிறுநீரகமும் நாள்தோறும் ஆற்றும் பணியேயன்றி விரதத்தின் தனிப்பயன் அன்று. கலங்களின் தன்னுண்ணல் பற்றிய ஆய்வுக்காக யொஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். அவர் அடிப்படை ஆய்வை மதுவத்தில் நிகழ்த்தினாராதலின், அது விரதத்தின் பயனை நிறுவியதாகக் கொள்ளல் பொருந்தாது.

மேலும், விரதம் என்பது ஒரே தன்மைத்தன்று. கந்தசட்டியின் ஆறு நாளும் ஒருபொழுது உண்பாரும், பால்பழம் கொள்வாரும், நீர் மட்டும் அருந்துவாரும் உளர். வறள்வலய வெப்பத்தில் நீரையும் விலக்குதல் சிறுநீரக நோயாளருக்குக் கேடாம். இன்சுலினோ சில நீரிழிவு மாத்திரைகளோ கொள்வோர் உணவை மட்டும் நிறுத்தின், குருதிக் குளுக்கோசு அபாய அளவிற்குத் தாழலாம். அதன் அறிகுறிகளான வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் என்பன விரதக் களைப்பு எனவோ தெய்வ அருள் எனவோ கொள்ளப்படின், உயிருக்கே இடர் நேரும்.

இவ்விடத்து ரமழான் நோன்பு ஒரு படிப்பினை தருகின்றது. நோயாளிக்கு இஸ்லாம் விலக்களிக்கின்றது. நீரிழிவு நோயாளர் அந்நோன்பை நோற்றல் பற்றி, சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் உள்ளிட்ட அமைப்புகள் 2016இலும் 2021இலும் வழிகாட்டல்களை வெளியிட்டன. இந்து விரதங்களோ ஆண்டு முழுதும் பரந்து, விதியால் வேறுபட்டு, வீட்டளவில் நிகழ்வன. அதனால் மருத்துவரின் கவனத்துக்கு அவை எளிதில் எட்டுவதில்லை. நோயாளியிடம் மருத்துவர் மருந்தைப் பற்றி மட்டுமன்றி, நோற்கும் விரதம் பற்றியும் வினவுதல் வேண்டும். பாலும் பழமும் கொள்ள மரபே இடந்தருவதால், நோயாளரின் உயிரைக் காத்தல் விரதத்துக்கு முரணாகாது என்பதே எமது துணிபு.